மீண்டும் பூச்சியத்திலிருந்து: முதுமைக்காகச் சேமிப்பது எப்படி?

எமது மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு சோடிக் காப்பு வாங்கி வைத்த தாய்மார் இல்லாத ஊர் வடக்கிலும் கிழக்கிலும் இல்லை. ஆனால் சேர்த்தவை நிலைக்கவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்கள் வீட்டையும் பத்திரங்களையும் விட்டுவிட்டு நடந்தார்கள். 2004 டிசம்பரில் கரையோரக் குடும்பங்களின் படகையும் வலையையும் கடல் கொண்டுபோனது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை சென்றவர்கள் வழிநெடுக நகையைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள். எஞ்சியதை வைத்து மீண்டும் தொடங்கியவர்களின் வங்கிப் பணத்தை 2022இன் விலையேற்றம் கரைத்தது.

இந்த இழப்புகளில் எதையும் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலான வட்டி தடுத்திருக்காது. ஆவணம் இல்லாமை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தமை, உழைப்பவர் திடீரென இல்லாமற் போனமை, பணத்தின் பெறுமதி வீழ்ந்தமை, ஏமாற்றப்பட்டமை ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். ஆகவே முதுமைக்கான சேமிப்பை, "எங்கே கூட வட்டி?" என்ற கேள்வியோடு தொடங்குவது எமக்குப் பொருந்தாது. முதலில் ஆவணம், அடுத்து கடன், அதன்பின் கைக்காவல், பிறகு பல இடங்களில் பிரித்து வைத்தல், கடைசியாகவே வட்டி. இந்தக் கட்டுரை அந்த ஒழுங்கிலேயே செல்கிறது.

ஏற்கெனவே உங்களுடையது எங்கே இருக்கிறது?

புதிதாக ஒரு ரூபாவைச் சேர்ப்பதற்கு முன்னர், பழையது ஏதாவது எங்காவது கிடக்கிறதா என்று தேடுவது நல்லது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. 1990களில் ஒரு கூட்டுத்தாபனத்திலோ தனியார் நிறுவனத்திலோ சில வருடங்கள் வேலை செய்தவரின் ஊழியர் சேமலாப நிதியப் பணம் இன்னும் அவரது பெயரில் இருக்கலாம். நிறுவனம் மூடப்பட்டாலும் உறுப்பினரின் கணக்கு அழிவதில்லை. அடையாள அட்டை இலக்கம், நிறுவனத்தின் பெயர், வேலை செய்த காலம் ஆகியவற்றோடு அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பழைய சம்பளத் துண்டு, நியமனக் கடிதம், உறுப்பினர் இலக்கம் எழுதிய ஏதாவது தாள் இருந்தால் வேலை இலகுவாகும்.

வங்கிக் கணக்கும் அப்படியே. பத்து வருடங்களாக எந்தக் கொடுக்கல் வாங்கலும் நடைபெறாத கணக்குகளின் பணத்தை வங்கிகள் கைவிடப்பட்ட சொத்தாகக் கருதி மத்திய வங்கிக்கு மாற்ற வேண்டும் என்பது வங்கித்தொழில் சட்டத்தின் ஏற்பாடு. மாற்றப்பட்டாலும் உரிமை போய்விடாது. கணக்கு இருந்த வங்கிக்கே சென்று, உரிமையை நிரூபித்து, பணத்தைக் கோரலாம். சேமிப்புப் புத்தகம் தொலைந்துவிட்டதென்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளை, அண்ணளவான காலம் ஆகியவற்றை வைத்துத் தேடச் சொல்லிக் கேட்கலாம்.

வன்னியில் தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்த நகைகளின் கதை வேறு. யுத்தத்தின் இறுதியில் கைப்பற்றப்பட்ட தங்கத்தில் ஒரு தொகுதியை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. பற்றுச்சீட்டு, அடகுப் புத்தகம், நகை அணிந்த பழைய புகைப்படம் போன்றவை வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் உள்ளவை

கணவரோ மகனோ காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்கள், அவர்களது வங்கிக் கணக்கையும் சேமலாப நிதியையும் தொட முடியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் மரணச் சான்றிதழ். அதை வாங்குவது தமது தேடலைக் கைவிடுவதற்குச் சமம் என்று பலர் மறுத்தார்கள். அந்த மறுப்பு நியாயமானது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவுச் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்துக்கு 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. அது ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. சமூகநல உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், பிள்ளைகளின் பாதுகாவலைப் பெறவும், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கவும் அதனைப் பயன்படுத்தலாம். பிரதேச செயலகத்திலும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் பிராந்தியக் கிளைகளிலும் இதுபற்றி விசாரிக்கலாம். பெறுவதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஆனால் வழி இருக்கிறது என்பதை அறிந்தபின் முடிவெடுக்க வேண்டும்.

தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திருமணமான பெண் தனது சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவர் இருக்குமிடம் தெரியாதபோது அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறுவதற்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வயது போன காலத்தில் காணி ஒன்றுதான் கையிருப்பு என்ற நிலையில் உள்ள பெண்கள், அவசரம் வருவதற்கு முன்னரே ஒரு சட்டத்தரணியிடம் அல்லது சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் இதனைக் கேட்டு வைப்பது நல்லது.

மாதச் சம்பளம் பெறுபவர்களுக்கு

தனியார் துறையில் வேலை செய்பவருக்கு அரச ஓய்வூதியம் இல்லை. அவரது முதுமையின் அடித்தளம் ஊழியர் சேமலாப நிதியம் (1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்). ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், தொழில் கொள்வோர் தனது பங்காக 12 சதவீதம் செலுத்த வேண்டும். இதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம்) தொழில் கொள்வோர் மட்டும் 3 சதவீதம் செலுத்த வேண்டும்.

40,000 ரூபா சம்பளத்தில் இது என்னவாகிறது? உங்களிடமிருந்து 3,200 ரூபா, முதலாளியிடமிருந்து 4,800 ரூபா, நம்பிக்கை நிதியத்துக்கு 1,200 ரூபா. மாதம் மொத்தம் 9,200 ரூபா. நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் முதலாளி ஒன்றரை ரூபா போடுகிறார். எந்த வங்கியும் இப்படித் தருவதில்லை.

இங்கேதான் எமது பகுதிகளில் பெரிய ஓட்டை இருக்கிறது. கடைகள், உணவகங்கள், தனியார் கல்வி நிலையங்கள், சிறு தொழிற்கூடங்கள் பலவற்றில் "சம்பளத்தைக் கையில் முழுதாகத் தருகிறோம், நிதியம் வேண்டாம்" என்று பேசி முடிக்கிறார்கள். வேலை தேவைப்படுபவர் தலையாட்டுகிறார். ஆனால் வீட்டுப் பணியாளர் போன்ற சில விலக்குகள் தவிர, ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே பங்களிப்புச் செலுத்துவது கட்டாயம். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி என்ற வேறுபாடு இல்லை. சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்துவிட்டு நிதியத்துக்கு அனுப்பாத இடங்களும் உண்டு. ஆகவே சம்பளத் துண்டில் கழிக்கப்பட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தியடையாமல், உங்கள் கணக்கின் மீதியை மத்திய வங்கியின் சேமலாப நிதியப் பிரிவிடமிருந்து கேட்டுப் பாருங்கள். பணம் போகவில்லையென்றால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். முறைப்பாட்டுக்கு நியமனக் கடிதம் கட்டாயமல்ல; வேலை செய்ததைக் காட்டும் வேறு ஆதாரங்களும் உதவும்.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையிலிருந்து விலகி இப்பணத்தைப் பெறலாம். ஆனால் தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயது 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 60 ஆக்கப்பட்டிருக்கிறது. அதாவது 55இல் போகச் சொல்லி எவரும் கட்டாயப்படுத்த முடியாது. பெறலாம் என்பதற்காக 55இலேயே பெற வேண்டும் என்றும் இல்லை.

பெண்கள் திருமணம் காரணமாக வேலையை விட்டால் அப்போதே முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பிள்ளைகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சீதனத்துக்கோ சடங்குச் செலவுக்கோ அது போய்விடுகிறது. 27 வயதில் 3 இலட்சம் ரூபா இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தொடாமல் விட்டு, வருடத்துக்கு 9 சதவீதம் சேர்ந்தால், 50 வயதில் அது ஏறத்தாழ 21 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாவாகும். விலைவாசியும் ஏறியிருக்கும் என்பது உண்மை. ஆனாலும் முதுமையில் ஒரு பெண்ணின் சொந்தப் பெயரில் இருக்கும் ஒரே பணம் அதுவாக இருக்கலாம்.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது சேமலாப நிதியத்திடம் இருந்த அரச முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. நிதியம் முழுமையான பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்பதற்கு அது சான்று. 2022க்கு 9 சதவீத வட்டி வழங்கப்பட்டது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. இருந்தும் முதலாளியின் 12 சதவீதத்தை வேறெங்கும் பெற முடியாது. அதனால் நிதியத்தை விடக் கூடாது. நிதியத்தை மட்டும் நம்பவும் கூடாது.

கமக்காரர், கடற்றொழிலாளர், கூலி வேலை செய்பவர்கள்

வடக்கு கிழக்கில் உழைப்பவர்களில் பெரும்பங்கினருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. அவர்களுக்கென்று சில அரச ஏற்பாடுகள் உண்டு. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கமக்காரர் ஓய்வூதியம், 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடற்றொழிலாளர் ஓய்வூதியம், 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் சுயதொழில் செய்வோருக்கான ஓய்வூதியம் என்பன அவை. சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டங்களில் பிரதேச செயலகத்தினூடாகச் சேரலாம். சுயதொழில் செய்பவர்கள் ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் தாமாகச் சேரலாம்.

சேர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனக்குக் கிடைக்கும் மாதத் தொகை இன்றைக்கே நிர்ணயிக்கப்படுகிறதா, காலத்தோடு கூடுமா? நான் இடையில் கட்ட முடியாமற் போனால் என்ன நடக்கும்? நான் இறந்தால் என் துணைக்கு என்ன கிடைக்கும்? கமக்காரர் ஓய்வூதியம் 2010களின் தொடக்கத்தில் நிதி வற்றி இடைநிறுத்தப்பட்டு, பின்னரே மீண்டும் தொடங்கியது. இவை ஒரு கைத்தடி போன்றவை. உதவும், ஆனால் முழுப் பாரத்தையும் தாங்காது.

அறுவடை முடிந்தும் நல்ல மீன்பாடு கிடைத்தும் மொத்தமாகப் பணம் வருபவர்களுக்கு மாதாந்தச் சேமிப்பு ஒத்துவராது. பணம் கைக்கு வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் போடுவது நடைமுறைக்கு ஏற்றது. கூலி வேலை செய்பவர் கிழமைக்கு ஒரு நாள் சம்பளத்தில் பாதியை ஒதுக்கலாம். தொகையைவிட ஒழுங்கே முக்கியம்.

கடன் இருக்கும்போது சேமிப்பதா?

100 ரூபாவுக்கு வருடம் 8 ரூபா வட்டி வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் 40 ரூபா வட்டி கட்டுவது சேமிப்பல்ல. கிழமைக் கடன் வாங்கிய பெண்கள் பலருக்கு உண்மையான வட்டி எவ்வளவு என்று எவரும் சொல்வதில்லை. "வருடத்துக்கு 24 சதவீதம்தான்" என்று ஒருவர் 50,000 ரூபா தருகிறார் என்று எடுத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் 12,000 ரூபா வட்டி சேர்த்து 62,000 ரூபாவைப் பன்னிரண்டு தவணைகளில் கட்டச் சொல்கிறார். முதல் தவணையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி குறையவில்லை. கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. இத்தகைய கடனை அடைப்பதே அந்தக் குடும்பத்துக்கு ஆகச் சிறந்த முதலீடு.

அடகு வைத்த நகைக்கும் இது பொருந்தும். வட்டியை மட்டும் கட்டி வருடக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு நாள் நகை ஏலத்துக்குப் போவதைப் பார்க்கிறார்கள். பல நகைகள் அடகில் இருந்தால் ஒன்றை விற்று மற்றவற்றை மீட்பது சில வேளைகளில் இலாபம்.

கடன் குறைந்ததும் முதல் வேலை கைக்காவல்: மூன்று மாத வீட்டுச் செலவு, எப்போதும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில். இது இல்லாதவர்தான் மழை வெள்ளத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் மறுபடி கிழமைக் கடனுக்குப் போகிறார்.

பணத்தை எங்கே வைப்பது?

*வங்கி வைப்பு.* தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு. ஏனைய உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்புத் தருகிறது. அதற்கு மேல் இருந்தால் இரண்டு நிறுவனங்களில் பிரித்து வையுங்கள். 2020இல் இரண்டு பெரிய நிதிக் கம்பனிகளின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டபோது காப்புறுதி எல்லை 6 இலட்சம் ரூபாவாக மட்டுமே இருந்தது. அதற்கு மேல் வைத்திருந்த முதியவர்கள் மீதிக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கூட்டுறவுச் சங்க வைப்புகளும் சமுர்த்தி வங்கி வைப்புகளும் இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. நன்றாக நடக்கும் சங்கத்தில் ஒரு பங்கை வைப்பதில் தவறில்லை. முழுவதையும் வைக்க வேண்டாம்.

*திறைசேரி உண்டியல்.* 91, 182, 364 நாட்களுக்கு அரசாங்கத்துக்குக் கொடுக்கும் கடன் இது. வர்த்தக வங்கிகளூடாக வாங்கலாம். 2022இன் இறுதியில் 364 நாள் உண்டியலின் வருவாய் 30 சதவீதத்தை அண்மித்தது. 2024இன் இறுதியில் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. நிலையான வைப்பு வட்டிகளும் அப்படியே ஏறி இறங்கின. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒரே வட்டிக்குப் பூட்டாமல், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பிரித்துப் போட்டால் இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தாக்காது.

*தங்கம்.* ரூபா விழும்போது தங்கம் ஏறும் என்பதை 2022 எல்லோருக்கும் காட்டியது. ஆனால் தங்கம் வட்டி தராது. வீட்டில் வைத்தால் திருட்டுப் பயம். நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. சேமிப்புக்கென்றால் பவுண் காசாக வாங்குங்கள். பற்றுச்சீட்டை நகையோடு வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

*வெளிநாட்டு நாணயம்.* பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை உடனே முழுதாக ரூபாவாக மாற்ற வேண்டியதில்லை. இங்குள்ளவர்களும் வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கைத் திறக்கலாம். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. ஒரு சிறு பங்கை டொலரிலோ பவுண்ஸிலோ வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அனுப்பும் பிள்ளைகளும் வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை, அப்பா அம்மாவின் முதுமைக்கு ஒரு தொகை என்று பிரித்தே அனுப்பினால் இரண்டும் ஒன்றாகக் கரையாது.

*பங்கும் யூனிட் டிரஸ்டும்.* பத்து வருடங்களுக்குத் தேவைப்படாத பணத்துக்கே பங்குச் சந்தை. தனிப் பங்குகளைத் தேடத் தெரியாதவர்கள், பிணையங்கள் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற யூனிட் டிரஸ்டுகளில் சிறு தொகையோடு தொடங்கலாம். 55 வயதைத் தாண்டியவர்கள் கடன் வாங்கியோ நிதியப் பணத்தை முழுதாகவோ இதில் போடக் கூடாது.

*சீட்டு.* அறிந்தவர்களுக்குள் பிடிக்கும் சிறு சீட்டு சேமிக்கும் பழக்கத்தைத் தரும். ஆனால் சீட்டைப் பிடிப்பவர் ஓடிவிட்டால் பின்னால் போக ஒரு சட்டப் பத்திரமும் இருக்காது. சேமலாபப் பணத்தையோ நகை விற்ற பணத்தையோ சீட்டில் போட வேண்டாம்.

விலைவாசியோடு ஒரு கணக்கு

30 வயதுள்ள ஒருவர் மாதம் 2,000 ரூபா வீதம் 8 சதவீத வட்டியில் 25 வருடங்கள் போட்டால், கட்டிய 6 இலட்சம் ரூபா 19 இலட்சமாகும். அதையே 40 வயதில் தொடங்கி 15 வருடங்கள் போட்டால் 6 இலட்சத்து 92 ஆயிரம்தான். முந்தித் தொடங்குவதன் பலன் இது.

ஆனால் இந்தக் கணக்கோடு நிறுத்துபவர்கள் பாதியை மறைக்கிறார்கள். மத்திய வங்கி இலக்காகக் கொண்டுள்ள 5 சதவீத அளவிலேயே விலைவாசி ஏறினாலும், 25 வருடங்களின் பின் வரும் 19 இலட்சம் இன்றைய 5 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவுக்குத்தான் சமம். இதற்கு எளிய மருந்து, கட்டும் தொகையையும் வருடா வருடம் 5 சதவீதத்தால் கூட்டுவது: இந்த வருடம் 2,000, அடுத்த வருடம் 2,100, அதற்கடுத்து 2,205. அப்படிச் செய்தால் 25 வருட முடிவில் ஏறத்தாழ 30 இலட்சம் சேரும். சம்பளம் கூடிய மாதத்திலேயே சேமிப்பையும் கூட்டிவிட்டால் அது உறைக்காது.

ஏமாற்றுகளை இனங்காண

யுத்தத்துக்குப் பிந்திய வருடங்களில் எமது பகுதிகளுக்குள் வந்த மோசடிகள் ஒரே முகம் கொண்டவை. மாதம் 5 அல்லது 10 சதவீதம் நிச்சய இலாபம் என்பார்கள். ஆட்களைச் சேர்த்தால் பங்கு என்பார்கள். உறவினரோ ஆசிரியரோ மதத் தலைவரோ முன்னிற்பார். முதல் இரண்டு மாதம் சொன்னபடி பணம் வரும். பிரமிட் முறைத் திட்டங்களை நடத்துவது மட்டுமல்ல, அவற்றில் ஆட்களைச் சேர்ப்பதும் வங்கித்தொழில் சட்டத்தின் 83(இ) பிரிவின்படி குற்றம். வைப்பு ஏற்க அனுமதி உள்ள வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாத இடத்தில் வட்டிக்குப் பணம் கொடுத்தால் காப்புறுதியும் இல்லை.

வெளிநாடு அனுப்பும் முகவர்களிடம் கொடுக்கும் பணத்தையும் இந்த வரிசையில் சேர்த்தே எண்ண வேண்டும். அப்பாவின் சேமலாபப் பணமும் அம்மாவின் தாலிக்கொடியும் ஒரு முகவரின் கைக்குப் போய்த் திரும்பாத வீடுகள் எமது ஊர்களில் உண்டு. பிள்ளையின் எதிர்காலத்துக்கு உதவுவது கடமைதான்; ஆனால் இருப்பதில் ஒரு பங்கையாவது தொடாமல் வைப்பது, பின்னாளில் அந்தப் பிள்ளைக்கே பாரமாகாமல் இருக்க உதவும்.

காணியை எழுதும்போது

எமது சமூகத்தில் காணியும் வீடும் மகளுக்குச் சீதனமாகப் போய்விடுகின்றன. முழு உரித்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் மருமகனின் முகம் பார்த்து இருக்கும் பெற்றோர் அநேகம். நன்கொடை உறுதி எழுதும்போது உங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதலாம். அதாவது காணி மகளுடையது. ஆனால் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நொத்தாரிசிடம் இதனை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பது நம்பிக்கையீனம் அல்ல. அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்கள் பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

மொத்தமாகப் பணம் வரும் நாள்

சேமலாப நிதியத்திலிருந்து 30 இலட்சம் ரூபா கைக்கு வருகிறது என்று வைப்போம். முதல் ஆறு மாதங்கள் எதையும் முடிவு செய்யாமல் வங்கியில் விடுங்கள். அதன்பின் 4 இலட்சத்தைக் கைக்காவலாகவும், 10 இலட்சம் வீதம் இரண்டு வங்கிகளில் வெவ்வேறு காலத்துக்கான நிலையான வைப்பாகவும், 6 இலட்சத்தைத் திறைசேரி உண்டியலிலும் போடலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல வங்கிகள் சற்றுக் கூடுதல் வட்டி தருகின்றன, கேட்டால்தான் கிடைக்கும்.

வட்டி முழுவதையும் செலவழித்தால் முதல் குறையாது, ஆனால் அதன் பெறுமதி வருடா வருடம் குறையும். வட்டி 8 சதவீதமாகவும் விலையேற்றம் 5 சதவீதமாகவும் இருக்கும் காலத்தில் பெறுமதியை முழுதாகக் காக்க 3 சதவீதத்தைத்தான் செலவழிக்கலாம். அது எல்லோராலும் முடியாது. முதல் பத்து வருடங்களாவது 5 சதவீதத்தில் நிறுத்தி, மீதியைத் திருப்பி முதலில் சேர்த்தால், எழுபது வயதுக்குப் பிறகு முதலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாழலாம்.

வைப்பு வட்டியிலிருந்து 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். 30 இலட்சத்துக்கு 8 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 24,000 ரூபா மிச்சம். படிவத்தைப் பற்றித் தெரியாததால் இந்தப் பணத்தை இழக்கும் முதியவர்கள் நிறைய.

இந்த மாதம் செய்யக்கூடியவை

1. அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், சேமலாப நிதிய இலக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து, ஊரில் ஒருவரிடமும் வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள ஒருவரிடமும் பிரதி வையுங்கள். வங்கி இரகசிய இலக்கங்களை எவருக்கும் அனுப்ப வேண்டாம்.

2. ஒவ்வொரு கணக்கிலும் நிதியத்திலும் காப்புறுதியிலும் பின்னுரித்தாளர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். யுத்தத்தில் இறந்த ஒருவரின் பெயரே இன்னும் இருந்தால் மாற்றுங்கள்.

3. குடும்பத்தின் பணம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் குறைந்தது இருவர் அறிந்திருக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

4. உங்கள் சேமலாப நிதிய மீதியைக் கேட்டுப் பாருங்கள். பணம் போகாவிட்டால் தொழில் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

5. எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதி, ஆகக் கூடிய வட்டியுள்ளதை முதலில் அடைக்கத் தொடங்குங்கள்.

6. முடிந்த தொகை 500 ரூபாவாக இருந்தாலும், செலவுக் கணக்கிலிருந்து வேறான ஒரு கணக்கில் போட்டுத் தொடங்குங்கள்.